காலம் கனிவித்த சாரீரம்

ஒஸ்லோ



இந்நகரத்துக் கடலோரத்தில் வெண்பளிங்குச் சரிவாக நீர் வரைக்கும் இறங்கி நிற்கும் ஓபரா மாளிகையைக் காண வருகிறவர்கள், அதன் கூரைமேல் ஏறி உலாவும் உற்சாகத்தில், முன்புறச் சதுக்கத்தில் நிற்கும் ஒரு பெண்மணியின் சிலையைப் பெரும்பாலும் கவனியாமலே போய்விடுகிறார்கள். அந்தச் சதுக்கம் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர்தாம் கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாட். ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகங்களைச் சென்ற நூற்றாண்டிலே பாடிய சோப்ரானோ என்னும் உச்சஸ்தாயிப் பாடகியருள் அவருக்கு நிகராக எண்ணத்தக்கவர் மிகச் சிலர் என்பது ரஸிகர்களின் அபிப்பிராயம். ஒருவரும் இல்லை என்பது என் அபிப்பிராயம்.

1895-ஆம் ஆண்டு நார்வேயின் ஹாமார் என்னும் சிற்றூரில் சங்கீதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். தந்தையார் வாத்தியக் குழுவை நடத்துபவர். தாயார் பியானோ வாசித்துப் பாடகர்களைப் பயிற்றுவிப்பவர். பத்தாவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கிடைத்த வாக்னரின் ‘லோஹென்கிரின்’ ஸ்வரப் புத்தகத்தைக் கொண்டே அதன் நாயகியின் பாகத்தை அச்சிறுமி மனப்பாடம் செய்துவிட்டாள். பதினெட்டாம் வயதில், 1913-இல், ‘டீஃப்லாண்ட்’ என்னும் நாடகத்தில் ஒரு சிறிய வேடத்தோடு இந்நகரத்திலே அரங்கேறினார்.

அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஸ்காண்டிநேவியாவுக்கு வெளியே அவர் பெயரை அறிந்தவர் அரிது. நகைச்சுவைச் சிறு நாடகங்களிலும் பெரிய ஓபராக்களிலும், சொந்த நாட்டிலும் சுவீடனின் யோத்தபோரி நகரிலும், கிடைத்த பாகங்களையெல்லாம் அவர் பாடிக்கொண்டிருந்தார். இந்த ஆண்டுகளை வீணாய்ப் போன காலமென்று இரங்குகிறவர்கள் உண்டு. நான் அவ்வாறு நினைக்கவில்லை. நூறு பேர் கொண்ட வாத்தியக் குழு முழுவேகத்தில் முழங்க, ஒலிபெருக்கியின் துணையின்றி, அந்த முழக்கத்தைக் கடந்து கடைசி வரிசை ரஸிகனின் செவியை எட்டவேண்டிய வாக்னரின் சங்கீதத்தை இளம்பிராயத்திலேயே அவசரப்பட்டு மேற்கொண்டு, சாரீரத்தை இழந்துபோனவர்களின் வரலாறு நீளமானது. இவருடைய குரலோ சிறு பாகங்களிலே வலிமை சேர்த்து, மத்திம ஸ்தாயியில் பொன்போல் கனம் பெற்று, பக்குவம் வந்த பிறகே, 1932-இல், ‘டிரிஸ்டனும் இசோல்டேயும்’ நாடகத்தின் இசோல்டேயை ஏற்றது. யார் கண்ணிலும் படாதிருந்ததே அந்தக் குரலுக்குக் கிடைத்த பெரும் பாக்கியம்.

1935 பிப்ரவரி 2-ஆம் தேதி நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ‘வால்கியூரி’ நாடகத்தின் சீக்லிண்டேயாக அவர் தோன்றியபோது வயது முப்பத்தொன்பது. அன்றைய நிகழ்ச்சி வானொலியில் நேரடியாக ஒலிபரப்பானபடியால் அமெரிக்க தேசம் முழுவதும் அக்குரலை ஒரே பிற்பகலில் கேட்டுவிட்டது. நான்கு நாட்கள் கழித்து இசோல்டேயாகப் பாடினார். பொருளாதார மந்தத்தால் தள்ளாடிக்கொண்டிருந்த அந்த அரங்கத்தை, அவரும் டெனர் பாடகர் லௌரிட்ஸ் மெல்கியோரும் சேர்ந்து பாடிய இரவுகளே பெருமளவு தாங்கி நின்றன.

இனி, எழுதுவதற்குக் கடினமான பகுதி. 1941-இல், ஜெர்மானியர் பிடியிலிருந்த நார்வேக்கு, கணவருடன் இருக்கவேண்டுமென்று அவர் திரும்பினார். கணவர் மரவியாபாரி, நாஜி ஆதரவுக் கட்சியில் சேர்ந்திருந்தவர், யுத்தம் முடிந்ததும் கைதாகி, விசாரணைக்கு முன்பே 1946-இல் இறந்துபோனார். பிளாக்ஸ்டாட் ஆக்கிரமிப்பாளருக்காக ஒருமுறையும் பாடவில்லை. யுத்த காலத்தில் அவர் பாடியது நடுநிலை நாடுகளான சுவீடனிலும் சுவிட்சர்லாந்திலுமே. ஆயினும் சொந்த மக்கள் பலர் முகந்திருப்பிக்கொண்டனர். அமெரிக்காவிலே அரங்க வாசல்களில் மறியல் நடந்தது. ஆக்கிரமிப்பில் உறவினரை இழந்தவர்களின் கோபத்தைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால், அந்நிய மண்ணில் செல்வமும் புகழும் சூழ இருக்கையில், ஆபத்திலுள்ள வீட்டை நோக்கி ஒருவர் புறப்பட்டதைத் துரோகமென்று சொல்ல, தாயகம் நீங்கி வாழும் எனக்கு நாவெழவில்லை.

யுத்தத்துக்குப் பின் லண்டன் மக்களோ அவரை அன்போடு வரவேற்றார்கள். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தமது அந்திமக் காலத்தில் இயற்றிய நான்கு பாடல்களை அவரே முதலில் பாடவேண்டுமென்று விரும்பியிருந்தார். அதன்படி 1950 மே 22-ஆம் தேதி வாத்தியக் குழு நடத்துநர் ஃபுர்ட்வாங்லரின் தலைமையில் ஆல்பர்ட் மண்டபத்தில் அவை அரங்கேறியபோது ஸ்ட்ராஸ் உயிரோடில்லை. 1952-இல் அதே ஃபுர்ட்வாங்லருடன் ‘டிரிஸ்டன்’ முழுவதையும் ஒலித்தட்டுக்காகப் பாடினார். அதில் உச்ச ஸ்வரம் இரண்டை அவருக்காகப் பாடகி எலிசபெத் ஷ்வார்ஸ்கோப் பாடிக்கொடுத்தார் என்ற செய்தி வெளிப்பட்டு பிளாக்ஸ்டாட்டை மிகவும் வருத்தியது. ஐம்பத்தாறு வயதில், நாலு மணிநேர நாடகத்தில், இரண்டே இரண்டு ஸ்வரங்கள்! அதைக் குற்றமாகப் பேசியவர்கள் மற்றவற்றைக் கேட்கவே இல்லையென்று நான் கருதுகிறேன்.

1958-இல் புதிதாய் அமைந்த நார்வே தேசிய ஓபராவுக்கு முதல் இயக்குநராக அவரையே அழைத்தார்கள். உடல்நலம் குன்றிய நிலையிலும் ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டு அந்த ஸ்தாபனம் அரங்கேற்றிய முதல் ஓபரா ‘டீஃப்லாண்ட்’. 1960-இல் பதவியை விட்டு விலகி, 1962 டிசம்பரில் காலமானார்.

மேனாட்டுச் சங்கீதத்தில் பழக்கமில்லாத நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1952-ஆம் வருஷத்து ‘டிரிஸ்டன்’ பதிவில் இசோல்டே இறுதியாகப் பாடும் பகுதி ஏழெட்டு நிமிஷங்களுக்கு மேற்படாது. பாஷை விளங்கவில்லையே என்று தயங்காமல் அதை ஒருமுறை கேளுங்கள். கேட்டபின் உங்கள் அபிப்பிராயத்தை எனக்கு எழுதுங்கள்.