மல்லாட்டையும் மலையிறக்கமும்

ஆலங்காயத்தை அடுத்த ஒரு சிற்றூரில் ஒன்றரை ஏக்கரில் மல்லாட்டை போட்டு, இரண்டு கறவை மாடுகளை வைத்துப் பிழைக்கிறது ஒரு குடும்பம். மகனுக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. சென்ற ஆண்டு அவன் அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட்போனும் அப்பாவுக்கு ஒரு மின் ஸ்கூட்டரும் வாங்கிக் கொடுத்தான். இரண்டும் நன்றாகவே உழைக்கின்றன. ஆனால், இரண்டுமே ஒருமுறை அவர்களைப் பயமுறுத்திவிட்டன.

பயிர் ஐம்பது நாளில் இருந்தபோது இலைகளில் கரும்புள்ளி விழுந்தது. அந்த அம்மா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவர். போனில் மைக் படத்தை அழுத்தி, "மல்லாட்டை இலையில கறுப்புப் புள்ளி வுழுந்துகீது, இன்னா மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார். போன் கொஞ்சமும் தயங்காமல் பதில் சொன்னது. மருந்துக் கடைக்குக் கிளம்பிய கணவரைப் பேத்திதான் நிறுத்தினாள். ஐந்தாம் வகுப்புப் படிக்கிற அவள் திரையைப் பார்த்துவிட்டு, "ஆயா, இதுல மல்லின்னு இல்ல எழுதியிருக்கு!" என்றாள். மல்லாட்டைக்குக் கேட்ட கேள்விக்குக் கொத்தமல்லிக்கான பதில் வந்திருந்தது.

போன் ஏன் இப்படிச் செய்தது? நாம் பேசும் ஒலியை அது நொடிக்கு 16,000 முறை அளந்து எண்களாக மாற்றுகிறது. தான் ஏற்கெனவே கேட்டுப் பழகிய பேச்சோடு ஒப்பிட்டு, எந்தச் சொல்லாக இருக்கக்கூடும் என்று ஊகிக்கிறது. 'மல்லி' அது ஆயிரம் முறை கேட்ட சொல். 'மல்லாட்டை' வடமாவட்டங்களில் மட்டும் வழங்குவது. தெரியாத சொல் வந்தால் அது "புரியவில்லை" என்று பெரும்பாலும் சொல்வதில்லை. தெரிந்த சொல்லை வைத்து நிரப்பிவிடுகிறது.

இந்தக் குறையைப் போக்கும் வேலையும் நடக்கிறது. மத்திய அரசின் 'பாஷினி' திட்டம் 2022-இல் தொடங்கியது. சென்னை ஐ.ஐ.டி.யின் 'ஏஐ4பாரத்' குழு 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் பேச்சை, 7,348 மணி நேர அளவுக்குப் பதிவு செய்து 2024-இல் வெளியிட்டது. பி.எம். கிசான் திட்டத்தில் குரலால் கேட்டுப் பதில் பெறும் 'கிசான் இ-மித்ரா' 2023 செப்டம்பரில் வந்தது, தமிழிலும் கேட்கலாம். வட்டாரப் பேச்சு எவ்வளவு சேருகிறதோ அவ்வளவுக்குத் தவறு குறையும்.

அந்தக் குடும்பம் இலையைப் பறித்துக்கொண்டு போய் வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டியது. டிக்கா இலைப்புள்ளி என்று தெரிந்த பிறகே மருந்து அடித்தார்கள்.

ஸ்கூட்டர் கதை வேறு. மகளை ஜவ்வாது மலையில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். காவலூர் வழியாக மலையேறும்போது, பின்னால் அரிசி மூட்டையோடு வண்டி பாதியில் வேகம் குறைந்தது. பழுது என்று நினைத்து அந்தப் பெரியவர் நிழலில் நிறுத்தினார். கால் மணி நேரம் கழித்து அதே வண்டி ஒழுங்காக ஓடியது. இரவு மகள் வீட்டில் பேட்டரியை முழுக்கச் சார்ஜ் போட்டார். காலையில் சாமை மூட்டையோடு இறங்கினார். சமவெளியில் கைப்பிடியைத் தளர்த்தினாலே வண்டி இழுத்துப் பிடித்தாற்போல் வேகம் குறையும். அன்று குறையவில்லை. முதல் வளைவில் மூட்டை பின்னாலிருந்து தள்ள, இரண்டு பிரேக்கையும் பிடித்துச் சாலையோர ஜல்லியில்தான் நின்றார். வெகுநேரம் கை நடுக்கம் போகவில்லை.

பேட்டரியில் இருப்பது நேர்மின்சாரம். அதை மோட்டாருக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருவது கன்ட்ரோலர். அதற்குள் இருக்கும் மின்னணு சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடுகின்றன. பாரம் ஏற்றி மலையேறினால் அவை சூடாகும். சூடு எல்லை தாண்டினால் கன்ட்ரோலர் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். அது பழுதல்ல, பாதுகாப்பு.

பல வண்டிகளில் கைப்பிடியைத் தளர்த்தும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ மோட்டார், சைக்கிள் டைனமோ போல மின்சாரம் உண்டாக்கும். அந்த மின்சாரம் பேட்டரிக்குப் போகும். வண்டியின் வேகமும் குறையும். ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் புதிய மின்சாரம் போக இடமில்லை. நிறைந்த குதிரில் நெல் கொட்ட முடியாதது போலத்தான். எனவே அந்தப் பிடிப்பு குறையும், அல்லது இல்லாமலே போகும்.

இரண்டு கருவிகளும் அன்று கெட்டுப்போகவில்லை. தத்தம் எல்லையைத் தொட்டன, அவ்வளவுதான். அந்த எல்லை ஓட்டுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

இப்போது அந்த வீட்டில் சில பழக்கங்கள் வந்துவிட்டன. போனிடம் கேட்கும்போது அம்மா 'வேர்க்கடலை' என்கிறார். 'அரை லிட்டர்' என்றால் 'ஆறு' என்று விழக்கூடும் என்பதால் 'ஐநூறு மில்லி' என்கிறார். போன் எழுதிய கேள்வியைப் பேத்தி வாசித்துக் காட்டிய பிறகே பதிலைக் கேட்கிறார். மருந்து, அளவு என்றால் கிசான் கால் சென்டர் எண் 1800-180-1551-இல் மனிதரிடமே கேட்டு உறுதி செய்கிறார். காலை 6 முதல் இரவு 10 மணி வரை கட்டணமில்லாமல் தமிழில் பதில் கிடைக்கிறது.

பெரியவர் மலையில் சார்ஜ் போட்டால் எண்பது, எண்பத்தைந்து சதவீதத்தில் பிடுங்கிவிடுகிறார். இறங்கும் முன் வீட்டு வாசலிலேயே இரண்டு பிரேக்கையும் பிடித்துப் பார்க்கிறார். மூட்டையும் முன்பைவிடச் சிறிதாகிவிட்டது.

வீட்டுக்குள் மட்டும் அந்த அம்மாவுக்கு அது இன்றும் மல்லாட்டைதான். "போனு கத்துக்கற வரிக்கும் நாமதான் அதுக்கு ஏத்த மாதிரி பேசணும்" என்கிறார், காய் ஆய்ந்துகொண்டே.