ஓர் ஊசியின் இடம்

வண்டி எழுப்பும் ஓசையை எல்லாரும் கேட்கின்றனர். அதன் பொருளை உணர்வோர் சிலரே. பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் சிறு செம்பனைத் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் பிக்கப் வண்டி சில வாரங்களாகவே ஓசையிட்டுக்கொண்டிருந்தது. பின்னோக்கி எடுத்து முன்னோக்கிச் செலுத்தும்போதெல்லாம் அடியில் ‘டக்’ என்று ஒலிக்கும். மெல்லச் செல்லுங்கால் கீச்சொலி கேட்கும்.

“அப்பா, நடுத்தண்டின் யுனிவர்சல் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டது” என்று மகன் முதல் நாளே உரைத்தான். தந்தை செவிசாய்த்தாரில்லை. கணக்கில் தோற்றுப் பட்டறைக்குப் போன பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது அவர் எண்ணம்.

அறுவடை நாளன்று வண்டியின் உடல் முழுதும் அதிர்ந்தது. வெட்டிய குலைகளை 24 மணி நேரத்திற்குள் ஆலையில் சேர்த்தல் நன்று. தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் குன்றும். வேறு வழியின்றி அவர் சாவியை மகனிடம் நீட்டினார்.

அவன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தான். தண்டைக் கழற்றுமுன் இணையும் இடங்களில் வெள்ளைக் கோடிட்டான்.

“டேய், கோடு எதற்கு?”

“சாய்ந்து சுழலும் ஓர் இணைப்பு, ஒரு சுற்றுக்குள் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் தண்டைச் சுழற்றும், அப்பா. மற்ற இணைப்பு அதை ஈடுசெய்கிறது. கவைகள் ஒரே நேரில் அமையாவிட்டால் அதிர்வு கூடிவிடும்.”

தந்தை வியந்து நோக்கினார். இத்தாலிய அறிஞர் கார்டானோவின் பெயராலும் ஆங்கில அறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் வழங்கும் அவ்விணைப்பின் கணக்கு, கணக்கில் தோற்றவன் நாவிலிருந்து வந்தது.

பழைய சிலுவைத் துண்டு வெளிவந்தது. கிரீஸ் வறண்டு, மூடிகளில் செந்நிறத் துருப்பொடி படிந்திருந்தது. புதியதைப் பொருத்துகையில் நான்காம் மூடி முழுதாக இறங்கவில்லை. பூட்டு வளையம் தன் பள்ளத்தில் அமர மறுத்தது.

“ஓங்கி அடி, பொழுது சாய்கிறது” என்றார் தந்தை.

“அடித்தால் அமராது, அப்பா. உள்ளே ஓர் ஊசி சாய்ந்து கிடக்கிறது.”

மூடியைக் கழற்றினான். சுவரோரம் வரிசையாய் நிற்க வேண்டிய ஊசி உருளைகளுள் ஒன்று அடியில் படுத்திருந்தது. கிரீஸ் தடவி அதனை நிமிர்த்தி நிறுத்தினான். இம்முறை மூடி எளிதில் இறங்கியது. இணைப்பை நாற்புறமும் அசைத்துப் பார்த்து, தண்டைக் கோட்டோடு கோடு பொருந்த மாட்டினான். இருட்டுமுன் குலைகள் ஆலை சேர்ந்தன.

தோற்றவன் என்று தாம் படுக்கவைத்திருந்த பிள்ளையைப் பற்றித் தந்தை அன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த மாதம் அவரே கிரீஸ் பம்பை எடுத்துவந்து அவன் அருகே அமர்ந்தார்.

“நான்கு மூடியிலும் பழைய கிரீஸ் வெளிவரும்வரை அடிக்க வேண்டும் என்றாயே, தம்பி, எங்கே, காட்டு.”