காத்திருந்தவர்களின் சரித்திரம்



சரித்திர நாவல் என்றால் நமக்குக் குதிரையும் வாளும்தான் ஞாபகம் வரும். ராஜாவும் போர்க்களமும் இல்லாத ஒன்றைப் போன வாரம் படித்து முடித்தேன். கனடாவின் எல்.எம். மான்ட்கோமரி 1921-ல் வெளியிட்ட 'ரில்லா ஆஃப் இங்கிள்சைட்'. 20 நாவல்கள், 500-க்கும் மேற்பட்ட சிறுகதைகள் எழுதியவர். அவருடைய 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' உங்களில் பலர் படித்திருப்பீர்கள். அந்த ஆனின் கடைசி மகள்தான் ரில்லா.

1914 ஆகஸ்ட். ரில்லாவுக்கு 15 வயது நிறையவில்லை. கலங்கரை விளக்கத்தில் நடக்கும் விருந்தில் ஆடிப்பாட ஆசையாகப் போகிறாள். பிரிட்டன் போரில் இறங்கிவிட்ட செய்தி அங்கேதான் வருகிறது. அதன்பின் அண்ணன்மார் மூவரும் ஒருவர் பின் ஒருவராகப் பட்டாளத்துக்குப் போகிறார்கள். குழந்தை என்றாலே பிடிக்காத ரில்லா, தாயை இழந்த ஒரு பச்சைக்குழந்தையை சூப் ஊற்றும் பீங்கான் பாத்திரத்தில் வைத்து வீட்டுக்குத் தூக்கி வந்து வளர்க்கிறாள்!

காதலும் உண்டு. ஆனால் கென்னத் விடைபெற வரும் இரவில் குழந்தை விழித்து அழுகிறது. வீட்டு வேலை பார்க்கும் சூசன் வந்து உட்கார்ந்து, கென்னத்தின் சிறுவயதுக் கதைகளை அளக்கிறாள். வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிப்பு நீடிக்கவில்லை. கவிஞனான வால்டர் 1916 செப்டம்பரில் கூர்செலெட் சண்டையில் இறக்கிறான். அவன் கடைசியாக எழுதிய கடிதம், இறந்த சேதிக்குப் பிறகு வருகிறது. அவனை ஊமையாய் நேசித்த ஊனா என்ற பெண்ணிடம் அந்தக் கடிதத்தை ரில்லா கொடுத்துவிடுகிறாள். அங்கே புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

1971 டிசம்பரில் என் அண்ணன் மேற்கு எல்லையில் இருந்தார். போர் இரண்டு வாரத்துக்குள் முடிந்தது. அவர் கடிதம் வரப் பொங்கல் ஆயிற்று. அதுவரை அம்மா தினமும் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். கடிதம் இல்லை என்று தபால்காரர் தலையாட்டினாலும் அவருக்கு ஒரு டம்ளர் காபி உண்டு. நான் நடத்திய பாடப்புத்தகத்தில் அந்தப் போருக்கு ஒரு பத்தி இருந்தது. அம்மாவின் அந்த நாட்களுக்கு ஒரு வரிகூட இல்லை. மான்ட்கோமரி எழுதியது அந்த வரியைத்தான்.

ஒரு விஷயத்தில் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. ஊரில் போரை எதிர்க்கும் ஒரே ஆளைக் கேலிப்பொருளாக்கிவிட்டார். ஆனால் 1942-ல், அவர் இறந்த அன்றே பதிப்பாளரிடம் சேர்ந்த கடைசிக் கையெழுத்துப் பிரதியில், வால்டரின் மரணத்துக்கு அர்த்தம் உண்டா என்ற சந்தேகம் அந்தத் தாயையே பிடித்துக்கொள்கிறது. அது முழுமையாக அச்சேறியது 2009-ல்தான்.

இந்த நாவலுக்கு அடிப்படை, போர்க்காலத்தில் அவரே எழுதிவந்த நாட்குறிப்புகள். உங்களில் சிலர் ராணுவக் குடும்பங்களில் வாழ்க்கைப்பட்டவர்கள். கணவருக்கு மெடல் வந்த கதையை எனக்கு எழுதியிருக்கிறீர்கள். போன் வராத இரவுகளை யாரும் எழுதியதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எழுதி வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல சரித்திரப் புத்தகம் கிடைக்காது.

என்றும் அன்புடன்,
உங்கள் சரித்திர டீச்சர்