குழித்த மரமும் தோடியின் காந்தாரமும்

ஒரு பழைய கிட்டாரை வாங்கலாமா வேண்டாமா என்று சில வாரங்களாக மனம் ஊசலாடிக்கொண்டிருந்தது. ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர், ஸ்வீடன் கிட்டார் கலைஞர் இங்வி மால்ம்ஸ்டீனின் சிக்னேச்சர் மாடல். கைமாறி வரும் கிட்டார் என்றாலும் விலை சாதாரண ஸ்ட்ராட்டைவிடக் கூடுதல். தலைப்பகுதியில் ஒருவருடைய கையெழுத்து இருக்கிறது என்பதற்காகவா இந்தக் கூடுதல் பணம்? இந்தக் கேள்வியைத் தீர்த்துக்கொள்ளாமல் பணத்தை எடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிட்டாரில் கலைஞரின் பெயர் ஏறுவது பழைய வழக்கம். 1952இல் கிப்சன் கொண்டுவந்த லெஸ் பால் ஒரு கலைஞரின் பெயர்தான். ஃபெண்டர் தன் ஸ்ட்ராடோகாஸ்டரில் அதைச் செய்தது 1988இல். எரிக் கிளாப்டனுக்கு ஒன்று, மால்ம்ஸ்டீனுக்கு ஒன்று. இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் சிக்னேச்சர் மாடல் என்பது என்னவென்று விளங்கிவிடும். கிளாப்டன் ட்ரெமொலோ கைப்பிடியைத் தொடுவதில்லை. அதனால் அவருடைய கிட்டாரில் பிரிட்ஜ் அசையாதபடி பின்னால் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டார்கள். ஸ்பிரிங்குகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அவருக்கு நடுத்தர ஒலி தடித்துக் கேட்க வேண்டும். அதற்காக ஒன்பது வோல்ட் பேட்டரியில் ஓடும், 25 டெசிபெல் வரை ஏற்றித் தரும் ஒரு சர்க்யூட்டை உள்ளே வைத்தார்கள். மால்ம்ஸ்டீன் கேட்டது வேறு. அவருடைய கிட்டாரில் ஃப்ரெட்டுக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே மரத்தைக் குழித்து எடுத்திருப்பார்கள். விரல் தந்தியைத் தொடும், மரத்தைத் தொடாது. சிறுவயதில் ஸ்டாக்ஹோமில் ஒரு வாத்தியப் பட்டறையில் வேலை செய்தபோது, பழுதுபார்க்க வந்த பழங்கால லூட் ஒன்றில் இப்படிக் குழித்திருந்ததைக் கண்டு ஆசைப்பட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு கை பல வருடங்களில் தனக்கென்று கண்டுபிடித்துக்கொண்ட தேவைகளை மரத்திலும் கம்பியிலும் பதிந்து வைத்தால் அது சிக்னேச்சர் மாடல். அந்தத் தேவை என் கைக்கும் இருந்தால் கூடுதல் பணத்துக்கு அர்த்தம் உண்டு. இல்லையென்றால் இன்னொருவர் அளவுக்குத் தைத்த சட்டையை வாங்கி மாட்டிக்கொண்ட கதைதான்.

விற்பவர் இளைஞர். அவருடைய வீட்டுக்குப் போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, “அண்ணா, நீங்க மால்ம்ஸ்டீன் ஃபேனா?”

“இல்ல தம்பி. நான் தோடி வாசிக்கிறதுக்காகப் பார்க்கிறேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்திருக்கலாம். நான் மனதாரத்தான் சொன்னேன். என் சித்தி வீணை வாசிப்பார். அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவன் நான். வீணையில் இருபத்துநான்கு மெட்டுகளும் மெழுகின்மேல் உயர்ந்து நிற்கின்றன. விரலுக்குக் கீழே வெறும் வெளி. தந்தியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது விரலைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. ஒரே மெட்டில் வைத்த விரலை எடுக்காமல் அடுத்தடுத்த ஸ்வரங்களைப் பிடித்துவிடலாம். தோடியின் காந்தாரம் ஓர் இடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்தாடும். சாதாரண கிட்டாரில் அந்த அசைவுக்குத் தந்தியை இழுக்கும்போது விரல்நுனி ஃப்ரெட்போர்டில் உரசிக்கொண்டே போகிறது. அந்த உராய்வில் கமகத்தின் முனை மழுங்கிவிடுகிறது. எனக்குப் பல வருடங்களாக இருக்கும் ஏக்கம் இது. மரத்தைக் குழித்துவிட்டால் விரல் தந்தியின் பக்கவாட்டைப் பற்றிக்கொள்கிறது. இழுப்பும் திரும்புவதும் முழுக்க நம் பிடியில் இருக்கின்றன.

இந்த வழியில் யோசித்த முதல் ஆள் நான் இல்லை. அமெரிக்காவில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்ற ஜான் மெக்லாஃப்லின், எழுபதுகளில் சக்தி குழுவில் வாசித்த கிட்டாரின் ஃப்ரெட்போர்டு குழித்ததுதான். அது மின் கிட்டார் அல்ல, கிப்சன் அக்கூஸ்டிக். குறுக்கே சுருதித் தந்திகள் வேறு. ஸ்வீடன்காரரின் ஆசையும் வீணைக்காரரின் தேவையும் ஒரே மரவேலையில் வந்து சேர்வதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெரும் மகிழ்ச்சி.

ஆனால் குழித்த மரத்துக்கு ஒரு கண்டிப்பு உண்டு. கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலும் தந்தி பள்ளத்துக்குள் இறங்கி ஸ்வரம் ஏறிவிடும். கார்டு பிடித்துப் பாட்டுக்கு வாசிப்பவர்களுக்கு இது பெரிய தொல்லை. தம்பி கொடுத்த கிட்டாரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மேப்பிள் ஃப்ரெட்போர்டின் மேல்பகுதியில் வார்னிஷ் புத்தம் புதிதாக மின்னியது. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மட்டும் தந்திகள் ஆழமாகப் பதிந்த தடம். கார்டுகளைப் பலமாக அழுத்தி வாசித்த கை அது. அவர் ஏன் விற்கிறார் என்று நான் கேட்கத் தேவையே இருக்கவில்லை. பழைய கிட்டார் வாங்குகிறவர்கள் கீறலையும் பெயின்ட்டையும் பார்ப்பதைவிட இந்தத் தடங்களைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மற்றவற்றையும் பார்த்தேன். பாடியின் பக்கத்திலிருந்து நெக்கின் நீளத்துக்குக் கண்ணை ஓட்டினால் முறுக்கல் இல்லை. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் டிரஸ் ராட் இரு பக்கமும் திரும்புகிறது. பிக்கப்புகள் டிமார்ஸியோ எச்எஸ்-3. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு காயில் வைத்து இரைச்சலை அடக்கியவை. ஆம்ப்பை ஏற்றிவைத்துத் தந்தியைத் தொடாமல் நின்றேன், அமைதியாகவே இருந்தது. நீண்ட ஆலாபனைக்கு நடுவே விழும் மௌனங்களுக்கு இது முக்கியம். முக்கியமாகப் பள்ளங்களை விரலால் தடவிப் பார்த்தேன். எல்லாம் ஒரே சீராக இருந்தன. வீட்டில் அரம் வைத்துக் குழித்த நெக்குகளில் ஒரு பள்ளம் ஆழமாகவும் அடுத்தது மேலாகவும் இருப்பதைக் கண்டிருக்கிறேன். ஃப்ரெட் தேய்ந்தால் மாற்றலாம், பிக்கப் போனால் வேறு போடலாம். தோண்டி எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது.

அதனால்தான், சாதாரண ஸ்ட்ராட் ஒன்றை வாங்கி யாரிடமாவது கொடுத்துக் குழித்துக்கொள்ளலாமே என்று நண்பர் சொன்ன யோசனையை விட்டேன். கையெழுத்துக்குத் தனியாக ஒரு ரூபாயும் தர நான் தயாரில்லை. இந்த நெக்குக்குத் தருவேன். தம்பியிடமும் அப்படியே சொன்னேன். அவர் சற்று யோசித்துவிட்டு விலையைக் குறைத்தார். அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதச் சம்பளத்தில் மீதி. முதலில் தந்திகளை மெல்லியதாக மாற்ற வேண்டும், பிறகு அழுத்தாமல் தொடப் பழக வேண்டும்.