பிஸ்த்ரிக் வீட்டுத் தண்ணீர்க் கேன்கள்

பொஸ்னியத் தலைநகர் சரயேவோவின் பிஸ்த்ரிக் பகுதியில் ஒரு வீட்டு அம்மாள், குழாயில் தாராளமாகத் தண்ணீர் வந்தாலும், சமையலறைக் கதவுக்குப் பின்னால் பிளாஸ்டிக் கேன்களை வரிசையாக நிரப்பி வைத்திருந்தார். தங்க வந்திருந்த சென்னைப் பெண்ணுக்கு அது விநோதமாகப் படவில்லை. 2019 கோடையில் சென்னையில் தண்ணீர் லாரிக்காகத் தெருமுனையில் குடத்தோடு நின்றவர் அவர். அதைச் சொன்னதும், மொழிபெயர்க்கச் சொல்லி அம்மாள் மகளைக் கூப்பிட்டார்.

இங்கேயும் வரிசை நின்றதாம், பக்கத்திலிருக்கும் பீர் ஆலையில். ஆலைக்குச் சொந்த ஊற்று உண்டு. 1990-களின் போரில் செர்பியப் படை சரயேவோவை முற்றுகையிட்ட காலத்தில் நகரம் பெரிதும் அந்தத் தண்ணீரை நம்பித்தான் பிழைத்தது. 1993 ஜனவரியில் அந்த வரிசையின் மேலேயே குண்டு விழுந்தது. கேனைத் தூக்கியபடி செத்தார்கள். தப்பியவர்கள் வேறு வழியில்லாமல் திரும்பவும் அங்கேயே போய் நின்றார்கள்.

சின்னச் செம்புப் பாத்திரத்தில் காப்பி வந்தது, கூடவே சர்க்கரைக் கட்டி. "எல்லாம் மதச் சண்டைதானே?" என்று பேச்சுவாக்கில் கேட்டார் சென்னைப் பெண்.

அம்மாள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். குரல் உயர்ந்தது, மகள் மொழிபெயர்க்கத் திணறினாள். "இதே கட்டடத்தில் செர்பியர், குரோஷியர், முஸ்லிம் எல்லாரும்தான் குடியிருந்தோம். கலந்து கல்யாணம் செய்தவர்கள் எத்தனை பேர்! ஊரைக் காத்த படையின் துணைத் தளபதி யோவான் திவ்யாக் ஒரு செர்பியர். மதம் என்று சொல்லிவிட்டால், செய்தவன் தப்பித்துப் போய்விடுவான் அம்மா."

செய்தவர்களை அவர் விட்டுவிடவில்லை. 1980-இல் யூகோஸ்லாவியத் தலைவர் டிட்டோ இறந்தார். நாடு கடனில் மூழ்கியது, விலைவாசி வெறிபிடித்து ஏறியது. செர்பியத் தலைவர் மிலோசெவிச் போன்றவர்கள் அந்த அச்சத்தை ஓட்டாக்கினார்கள். 1990 தேர்தலில் பொஸ்னியாவில் ஜெயித்தவை ஒவ்வோர் இனத்துக்கும் ஒன்றாக முளைத்த மூன்று கட்சிகள். 1992 மார்ச்சில் முடிந்த விடுதலை வாக்கெடுப்பைப் பெரும்பாலான செர்பியர் புறக்கணித்தார்கள். ஏப்ரலில் போர் மூண்டது. யூகோஸ்லாவிய ராணுவத்தின் பீரங்கிகள் செர்பியப் படையின் கைக்குப் போயின. ஐ.நா.வின் ஆயுதத் தடை எல்லாருக்கும் பொது என்றாலும், கையில் ஒன்றும் இல்லாதவர்களைத்தான் அது கட்டிப்போட்டது. இந்த அநியாயத்தைச் சொல்லும்போது மட்டும் அம்மாள் மேசையைத் தட்டினார்.

சரயேவோ முற்றுகை 1,425 நாள் நீடித்தது. நாடு முழுக்கச் சுமார் ஒரு லட்சம் பேர் மாண்டார்கள். 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடிழந்தார்கள்.

ஆனால் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த சென்னைப் பெண்ணின் கை அசையாமல் நின்றது அம்மாளின் ஒன்றுவிட்ட அக்கா கதையில்தான். 1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் கொல்லப்பட்ட 8,000-க்கும் மேற்பட்ட ஆண்களிலும் சிறுவர்களிலும் அவருடைய கணவரும் ஒருவர். தடயத்தை மறைக்கக் கொலைகாரர்கள் புதைகுழிகளை இயந்திரத்தால் தோண்டி, உடல்களை வேறிடங்களுக்கு அள்ளிப் போனார்கள். ஒரே மனிதரின் எலும்புகள் இரண்டு மூன்று குழிகளில் சிதறின. உறவினரின் இரத்தத்தோடு மரபணுவை ஒப்பிட்டே அடையாளம் காண வேண்டியிருந்தது. ஒருநாள் அக்காவுக்குத் தொலைபேசி வந்தது: தொடை எலும்பு கிடைத்திருக்கிறது, இப்போதே அடக்கம் செய்கிறீர்களா, மீதி கிடைக்கும்வரை பொறுக்கிறீர்களா? எந்த மனைவிக்கும் இப்படி ஒரு கேள்வி வரக்கூடாது. அவர் பல வருஷம் பொறுத்தார். கடைசியில், கிடைத்ததை ஒரு ஜூலை 11 அன்று பொட்டோச்சாரியில் புதைத்தார்.

1995 டேட்டன் ஒப்பந்தம் துப்பாக்கியை நிறுத்தியது. "அது போதாதா?" என்றார் அம்மாள். பள்ளி ஆசிரியையான மகளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மத்திய பொஸ்னியாவில் இன்றும் ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிகள் நடக்கின்றன: குரோஷியப் பிள்ளைக்கு ஒரு பாடத்திட்டம், பொஸ்னியாக், அதாவது பொஸ்னிய முஸ்லிம், பிள்ளைக்கு வேறொன்று. "அடுத்த சண்டைக்கு இங்கேதான் விதை போடுகிறார்கள்" என்றாள். இருவரும் மொழிபெயர்ப்பை மறந்து வாதாடினார்கள்.

பிறகு விருந்தாளியின் பக்கம் திரும்பி, இதை எதிர்த்த ஊர் என்று மகள் சொன்னது யாய்ட்சே. 2016-இல் அங்கே சேர்ந்து படித்துக்கொண்டிருந்த மேல்நிலைப் பள்ளி மாணவர்களை இன அடிப்படையில் பிரித்துப் புதுப் பள்ளி தொடங்க நிர்வாகம் முடிவெடுத்தது. இரு தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். 2017-இல் திட்டம் கைவிடப்பட்டது. டேட்டனில் உடன்பாடு ஏற்பட்டபோது அந்தப் பிள்ளைகள் பிறந்திருக்கவே இல்லை.

மறுநாள் மோஸ்தார் பாலத்தைப் பார்ப்பதாக இருந்த சென்னைப் பெண், யாய்ட்சேவுக்கு பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.