டிரக் ஓட்டிய வருஷம்

சுங்குவார்சத்திரம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தம்பி முரளிக்கு,

அக்கா எழுதுகிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. ஸ்பான்சர் கைவிரித்துவிட்டார், இந்த சீசன் ஃபார்முலா காரில் சீட் இல்லை, சலூன் கார் ஓட்ட ஒரு டீம் கூப்பிடுகிறது, போனால் ஒரு படி இறங்கினதாகிவிடும் என்று எழுதியிருக்கிறாய். அந்த நினைப்பு எனக்குச் சரியாகப் படவில்லை.

உங்கள் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயனையே எடுத்துக்கொள். அப்பா ராலி சாம்பியன். அப்படியும் அவருக்குப் பாதை நேராக அமையவில்லை. இங்கே இருங்காட்டுக்கோட்டை டிராக்கில், கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதி காரில் ஆரம்பித்தவர். 1996-ல் ஃபார்முலா ஆசியா பட்டம். 2005-ல் ஜோர்டன் அணிக்காக எஃப்1. அந்த வருஷம் இண்டியானாபோலிஸில் மிஷலின் டயர் போட்ட கார்களெல்லாம் ஒதுங்கிவிட, ஆறே கார்கள் ஓடின. இவர் நாலாவதாக வந்து 5 பாயின்ட் வாங்கினார். மறு வருஷம் ரேஸ் சீட் இல்லை, வில்லியம்ஸில் டெஸ்ட் டிரைவர் வேலைதான்.

ஊரே அந்த 5 பாயின்டைத்தான் பேசும். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்தது 2010-ல் அவர் செய்ததைப் படித்த பிறகு. அமெரிக்காவில் நாஸ்கார் என்று நடக்கிறதே, அதில் பிக்கப் டிரக்குகளுக்குத் தனிப் பந்தயம் உண்டு. அதில் போய் உட்கார்ந்தார். எஃப்1 ஓட்டின மனுஷன், வயது 33.

முதல் போட்டி வர்ஜீனியாவில், மார்ட்டின்ஸ்வில் டிராக். ஒரு சுற்று 850 மீட்டர்கூட வராது. எல்லாத் திருப்பமும் இடது பக்கம், மொத்தம் 250 சுற்று. 2005-ல் எஃப்1 கார் டிரைவரோடு சேர்த்தே 605 கிலோ இருந்தால் போதும். இந்த டிரக் ஒன்றரை டன். அந்தக் கனத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கில்தான் அடக்க வேண்டும். நான் கம்பெனியில் தினமும் டயல் கேஜ் வைத்து, முள் எவ்வளவு அசைகிறது என்று பார்த்துப் பாஸ் போடுகிற அதே மாதிரி பிரேக் டிஸ்க் அங்கே பழுத்துச் சிவந்து, சக்கரத்துக்குள்ளிருந்து வெளியே தெரியும். முன்னால் போகிறவனை பம்பரால் இடித்துத்தான் வழி வாங்க வேண்டும். ஃபார்முலா காரில் அப்படி உரசினால் முன் விங் காலி. இத்தனை வருஷம் உடம்பு பழகினதையெல்லாம் மாற்றிக்கொண்டு 36 டிரக்குகளுக்கு நடுவே ஓட்டி, 13-வதாக வந்தார். வருஷக் கடைசியில் ரசிகர்கள் ஓட்டுப்போட்டு அந்தப் பிரிவின் அபிமான டிரைவர் விருதையும் கொடுத்தார்கள்.

2011-ல் ஹிஸ்பானியா அணியில் மறுபடி எஃப்1. டிரக் ஓட்டியதால்தான் கூப்பிட்டார்கள் என்று உன்னிடம் கதை விடமாட்டேன். ஸ்பான்சர் பணம் இல்லாமல் அந்த மாதிரி சீட் யாருக்கும் கிடைக்காது. ஆனால் சீட் வந்தபோது அவர் வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை, கை பழக்கத்தில் இருந்தது. 2019 நவம்பரில் ஜப்பானின் ஃபூஜி டிராக்கில் சூப்பர் ஜிடி, டிடிஎம் கார்கள் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் ஜெயித்தாரே, அப்போது அவருக்கு 42. ஓட்டியது கூரை போட்ட கார்தான், நீ வேண்டாம் என்கிறாயே அந்த மாதிரி. மோன்டோயாவும் எஃப்1-ல் ஏழு பந்தயம் ஜெயித்துவிட்டுத்தான் நாஸ்காருக்குப் போனார். அவரை யாராவது இறங்கிப் போனார் என்றார்களா?

உனக்கு வயது 22. நாளைக்கே அந்த டீமுக்குச் சரி என்று சொல். சொல்லும்போதே, மோதினால் ரிப்பேர் செலவு யார் தலையில், டயருக்கு யார் பணம் என்பதை எழுதி வாங்கிக்கொள். வாய்வார்த்தையை நம்பித்தானே இப்போது இப்படி நிற்கிறாய்.

டெஸ்டிங்குக்கு வந்தால் லாட்ஜில் பணத்தைக் கொட்டாதே, இங்கேயே தங்கு. இருங்காட்டுக்கோட்டைக்கு இங்கிருந்து பஸ் நிறைய. அடுத்த வாரம் எனக்கு பி ஷிஃப்ட், ராத்திரிதான் வருவேன். மாமா ஆறு மணிக்கெல்லாம் வந்துவிடுவார். அம்மாவிடம் சீட் போன விஷயத்தை நான் சொல்லவில்லை, நீயே போன் பண்ணிச் சொல்.

அன்புடன்,
அக்கா