பெட்டி முதலில் போகும்

பிலிப்பைன்ஸில் செப்டம்பர் பிறந்தாலே கிறிஸ்துமஸ்தான். துபாயில் என் அறையிலிருந்த செவிலியரை ஆத்தே என்பேன். அவர் மொழியில் அக்கா. கட்டிலோரம் பாலிக்பாயன் பெட்டி திறந்தே கிடக்கும். சம்பளத்துக்குச் சம்பளம் சோப்பு, டின் இறைச்சி, சாக்லேட் என்று நிரம்பும். மகளின் கால் அளவை போனில் கேட்டு, வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு கூட்டியே செருப்பு வாங்குவார். கப்பலில் போக வாரக்கணக்காகும். அதனால் அக்டோபரிலேயே அனுப்பிவிடுவார்.

டிசம்பர் 16 முதல் ஒன்பது நாள் விடியற்காலைப் பூசை, வெளியே சுடச்சுட பிபிங்கா. 24 நள்ளிரவில் நோச்சே புயேனா விருந்து. சமைப்பது ஆத்தேயின் அம்மா. வெளிநாட்டில் உழைப்பவர்களை அந்நாட்டு அரசு 'புதிய வீரர்கள்' என்கிறது. வீராங்கனைக்கு அன்று இரவுப் பணி.

அங்கே நள்ளிரவு, இங்கே எட்டு மணி. கிளம்புமுன் வீடியோவில் பேசினார். செருப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டதும், மகள் பாட்டியின் முகத்தைப் பார்த்தாள்.